தெள்ளின் கெடுவும் குட்டியின் எடையும்

தீபாவளி விடுமுறை முடிந்து திருப்பூரில் பனியன் யூனிட்டின் ஷட்டரைத் தூக்கும்போது சில இடங்களில் ஒரு விநோதம் நடக்கும். பத்து நாளாக ஆள் நடமாட்டம் இல்லாத கூடம். காவலுக்கு வளர்க்கும் நாய்க்குட்டியையும் ஊருக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். ஆனாலும் உள்ளே நாலு எட்டு வைப்பதற்குள் கணுக்காலில் சுருக்கென்று கடி விழும். குனிந்து பார்த்தால் எள்ளளவு பழுப்புப் பூச்சி. விரல் வைப்பதற்குள் துள்ளி மறைந்துவிடும். அதுதான் தெள்ளு.

அவை பத்து நாள் பட்டினி கிடந்தவை அல்ல. நம் காலடி அதிர்ந்த பிறகு கூட்டைவிட்டு வெளியே வந்தவை. தாய்த் தெள்ளு நாயின் ரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும், ஒரு நாளைக்கு 40 வரைகூட இடும். வழுக்கும் முட்டைகள் ரோமத்தில் நிற்காமல், குட்டி படுத்த இடமெல்லாம் உதிரும். அவற்றிலிருந்து வரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். கூடவே உதிர்ந்து கிடக்கும் தெள்ளின் எச்சத்தை, அதாவது உலர்ந்த ரத்தத்தைத் தின்று வளரும். பிறகு பிசுபிசுப்பான இழையால் கூடு கட்டி உள்ளே அடங்கிவிடும். அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு ஆகியவை எட்டும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க அதனால் முடியும்.

கட்டிங் டேபிளுக்கு அடியில் வேஸ்ட் துணி குவிந்திருக்கும் இருட்டு மூலை இதற்குத் தோதான இடம். பஞ்சுத் தூசி புழுவுக்கு உணவாகாது, ஆனால் நல்ல மறைவிடம். கூட்டின் மேல் ஒட்டிக்கொண்டால் தூசியையும் கூட்டையும் பிரித்தறிய முடியாது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் புழுக்கள் காய்ந்து சாகும். ஐப்பசி மழை அந்தக் கவலையையும் தீர்த்துவிடுகிறது.

நாயின் மேல் நாம் பார்க்கும் தெள்ளு மொத்தக் கூட்டத்தில் ஏறக்குறைய 5 சதவீதம்தான் என்பார்கள். மீதி 95 தரையிலும் படுக்கையிலும் இருக்கிறது. குட்டியை எத்தனை முறை குளிப்பாட்டினாலும் தெள்ளு திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக்குள் தங்குவதே ஆபத்து என்பதை நம் முன்னோர் பட்டறிந்தவர்கள். பிளேக் பரவியபோது மக்கள் வீடுகளைக் காலிசெய்து ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கினார்கள். கோவையில் இன்றும் நிற்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் சாட்சி. எலியிடமிருந்து நோயைக் கடத்துவது தெள்ளு என்பதை 1898இல் கராச்சியில் சோதித்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் சிமோன். அது எலித் தெள்ளு. நாயைப் பிடிப்பது வேறு இனம். ஆனால் கூடு கட்டிக் காத்திருக்கும் உத்தி இரண்டுக்கும் பொது.

கூட்டுக்குள் இருப்பதை எந்த மருந்தும் எளிதில் எட்டாது. ஆகவே எல்லாம் வெளிவந்து, மருந்து ஏறிய நாயைக் கடித்துச் சாகும்வரை, குறைந்தது மூன்று மாதம் விடாமல் மருந்து கொடுக்க வேண்டும். பெரிய இன நாய்க்குட்டி வளர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான். இரண்டாம் மாதத்தில் 5 கிலோ இருந்த லேப்ரடார் குட்டி ஐந்தாம் மாதத்தில் 15 கிலோவைத் தாண்டியிருக்கும். தெள்ளைக் கொல்லும் அஃபாக்சோலனர் மாத்திரை 4 முதல் 10 கிலோவுக்கு ஓர் அளவிலும், 10 முதல் 25 கிலோவுக்கு வேறோர் அளவிலும் வருகிறது. முதல் மாதம் வாங்கிய மாத்திரை அட்டையையே மூன்றாம் மாதமும் உரித்தால், குட்டிக்குப் போவது தேவையைவிடக் குறைந்த மருந்துதான். வளரப்போகிறதே என்று பெரிய நாயின் மாத்திரையைக் கொடுப்பதோ, அதைப் பிட்டுக் கொடுப்பதோ அதைவிட மோசம்.

எட்டு வாரம் நிரம்பாத குட்டிக்கு இந்த மாத்திரை கூடாது. அதற்குப் பேன் சீப்பும் மிதமான சோப்புத் தண்ணீரும் போதும்; மருந்து தேவையா என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும். வலிப்பு வந்த குட்டியென்றால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்து, மண்ணெண்ணெய், பினாயில் எதுவும் வேண்டாம், குட்டி நக்கும். நாய்க்கென விற்கும் பெர்மெத்ரின் மருந்து வீட்டுப் பூனையின் உயிரையே எடுத்துவிடும். ஈறு வெளுத்துக் குட்டி சோர்ந்து கிடந்தால் ரத்தசோகையாக இருக்கலாம், உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மலத்தில் அரிசி போன்ற துணுக்குகள் தெரிந்தால் அது நாடாப்புழு. கடித்து விழுங்கிய தெள்ளின் வழியாக வந்தது. குடற்புழு மருந்தும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

கண்டுபிடிக்கவும் ஒழிக்கவும் வேண்டிய கருவிகள் திருப்பூரில் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. நனைத்த வெள்ளைப் பனியன் துணியை விரித்து, அதன்மேல் குட்டியின் முதுகைச் சீப்பால் வாருங்கள். விழும் கருந்துகள்கள் செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். வெறும் மண் அப்படிக் கசியாது. படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் துவைத்து, நீராவிப் பெட்டியால் அழுத்தித் தேயுங்கள். சூடு முட்டையையும் புழுவையும் கொல்லும். பஞ்சை விரட்ட ஏர் கன் பிடிக்கும் வழக்கத்தைக் குட்டி திரியும் இடத்தில் விட்டுவிடுங்கள். ஒரு மூலையில் கிடக்கும் முட்டையை அது கூடம் முழுக்க இறைத்துவிடும். வாக்குவம் கிளீனரோ முட்டையை உறிஞ்சும், அதன் அதிர்வு கூட்டில் இருப்பதையும் கிளப்பி வெளியே கொண்டுவரும். வேஸ்ட் துணியை வாரக்கணக்கில் தேங்கவிடாமல் அனுப்பிவிடுங்கள். வீட்டில் பூனையோ இன்னொரு நாயோ இருந்தால் அதற்கும் அதற்குரிய மருந்தை அதே நாளில் கொடுக்க வேண்டும்.

கடைசிக் கருவி எடை மெஷின். இந்த ஊரில் நூலும் துணியும் கிலோவில்தான் கைமாறும். கிராம் பிசகினால் சண்டை வரும். துணி ரோலை ஏற்றும் அதே தட்டில், மருந்து கொடுக்கும் ஒவ்வொரு நாளும் குட்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அட்டையைப் பிரியுங்கள்.