கட்டட மாதிரியிற் சாளர அளவை அமைத்தல்

கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், தமிழ்நாட்டெல்லையை ஒட்டி அமைந்துள்ளது காரோடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, அண்டையிலுள்ள விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. தமிழில் 'நிலை' எனப்படுவது மலையாளத்திற் 'கட்டிள'. சாளரக் கதவு அங்கே 'பாளி'. சொல் வேறுபாட்டினால் வேலை கெடுவதில்லை. அளவு வேறுபாட்டினாற் கெடும். மரபுவழித் தச்சுக்கோல் 24 அங்குலம் கொண்டது. அதன் நீளம் ஏறத்தாழ 72 செ.மீ. ஆதலின் அதன் அங்குலம் 3 செ.மீ. அடிக்கோலின் அங்குலமோ 2.54 செ.மீ. '48 அங்குலச் சாளரம்' என்பது முன்னதில் 144 செ.மீ.; பின்னதில் 122 செ.மீ. எனவே, கணிப்பொறியில் வீட்டின் மாதிரியை அமைக்கத் தொடங்குவோர் முதற்கண் அலகை நிலைநிறுத்திக்கொள்ளல் வேண்டும். மில்லிமீட்டரே ஏற்றது.

ரெவிட், ஆர்ச்சிகேட், ஃப்ரீகேட் போன்ற மென்பொருள்களிற் சாளரம் என்பது வெறுங்கோடன்று. அது தன் அகலம், உயரம், தரையிலிருந்து அடிவிளிம்பு நிற்கும் உயரம் ஆகியவற்றை எண்களாகத் தாங்கிய ஒரு பொருள். எண்ணை மாற்றினால் உருவம் மாறும். சுவரிலுள்ள திறப்பும் உடன் மாறும். இந்த வசதியிலேயே ஓர் இடரும் ஒளிந்திருக்கிறது. ரெவிட்டிற் பெரும்பாலும் அகலமும் உயரமும் 'வகை'க்கு உரியவை. அடிவிளிம்பின் உயரம் மட்டுமே தனிச் சாளரத்திற்கு உரியது. வகையின் எண்ணைத் தொட்டால் அவ்வகைச் சாளரங்கள் அனைத்தும் மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். வீடு முழுமைக்கும் 100 செ.மீ. அகலமும் 120 செ.மீ. உயரமும் உள்ள ஒரே வகைச் சாளரம் வைக்கப்பட்டுள்ளது. அடிவிளிம்பு 90 செ.மீ., லிண்டல் 210 செ.மீ. சமையல் மேடைக்கு மேல் இடம் போதாமையால், அங்குமட்டும் அடிவிளிம்பை 120 செ.மீ.க்கு உயர்த்தி, சாளர உயரத்தை 90 செ.மீ. ஆக்குகிறார் வரைவாளர். சமையலறை சரியாகிவிட்டது. ஆனால் படுக்கையறைச் சாளரங்களும் 90 செ.மீ. ஆகி, அவற்றின் தலை 180 செ.மீ.க்கு இறங்கிவிட்டது. லிண்டலுக்கும் சாளரத்திற்கும் இடையே 30 செ.மீ. சுவர்! மேலெழும் வெப்பக் காற்று வெளியேறும் வழி அந்த அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது.

பரப்பையும் கணக்கிட்டுப் பார்ப்போம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பு, வறண்ட வெப்பப் பகுதிகளிற் சாளரப் பரப்பு தரைப்பரப்பிற் பத்தில் ஒரு பங்கேனும் இருத்தல் வேண்டுமென்றும், காரோடு போன்ற ஈரவெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கேனும் வேண்டுமென்றும் கூறியது. சட்டமும் இப்பரப்பில் அடங்கும். 3.6 மீட்டருக்கு 3 மீட்டர் அளவுள்ள அறையின் தரை 10.8 சதுர மீட்டர், வேண்டுவது 1.8. பழைய அளவில் இரண்டு சாளரங்கள் 2.36 சதுர மீட்டர் தந்தன. குறுக்கிய பின்னர்த் தருவது 1.76. கண்ணுக்குப் புலப்படாத இக்குறை, பட்டியலைத் திறந்து பார்த்தாலன்றி வெளிப்படாது. மூலவகையை முதலிற் படியெடுத்து, வேறு பெயரிட்டு, அந்தப் படியின் எண்ணை மாற்றுவதே முறை. ஃப்ரீகேட்டிற் சாளரம் ஒவ்வொன்றும் தன் அளவைத் தானே தாங்குவதால் இவ்விடர் குறைவு. ஆனால் இருபது சாளரங்களையும் ஒருசேர மாற்ற வேண்டியபோது அதுவே தொல்லையாகும்.

மேற்கண்ட பெருக்கலைச் செய்து பார்த்தவர்கள் 100, 120 என்னும் எண்களால் 2.36 வாராது, 2.40 வருமென்பதைக் கண்டிருப்பர். சுவர்த் திறப்பும் சாளரச் சட்டமும் ஒன்றல்ல. மரச்சட்டங்களுக்கான இந்தியத் தர அளவீடு 4021, நான்கு புறமும் 5 மி.மீ. இடைவெளி விடுகிறது, ஆகவே 1000 மி.மீ. திறப்புக்குச் சட்டம் 990 மி.மீ.; 1200-க்கு 1190. இதற்கும் உள்ளே, காற்று நுழையும் வெளி இன்னுஞ் சிறிது. மென்பொருள் கேட்கும் 'அகலம்' இம்மூன்றில் எது என்பதைத் தெளிந்த பின்னரே எண்ணை இடுதல் வேண்டும். திறப்பின் அளவையே தச்சரிடம் கொடுத்தாற் கட்டிள சுவருக்குள் நுழையாது. கொத்தனார் சுவரைக் கொத்த நேரும்.

அயல்நாட்டு நூலகங்களிலிருந்து பெறும் ஆயத்தச் சாளரங்களிற் பெரும்பாலும் கம்பிகளுக்கு இடமிருப்பதில்லை. அவற்றை நாமே சேர்த்தல் வேண்டும். திறவாத கண்ணாடிப் பகுதியைக் காற்றோட்டக் கணக்கிற் சேர்த்தலாகாது. லாரி பேக்கர் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்திற் கையாண்ட செங்கற் சல்லடைச் சுவரை மென்பொருள் சுவரென்றே கொள்ளும். அதன் துளைகள் வழியே வரும் காற்று சாளரப் பட்டியலில் ஏறாது. அதனைத் தனியே கணக்கிட்டு, உரிமம் கோரும் வரைபடத்திற் கையால் எழுதிச் சேர்க்கவேண்டியதுதான்.