விரல் குட்டையா? முதலில் வயலினை அளந்து பாருங்கள்

"உனக்கு விரல் கட்டை. வயலின் வராது."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு வில்லைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாணவர்கள் நம்மிடையே உண்டு. சொன்னவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் அமர்ந்து கற்கும் தோழியாக இருக்கலாம். வீட்டுக்கு வந்த மாமாவாக இருக்கலாம். பல வேளைகளில் மாணவரே தமக்குத் தாமே சொல்லிக்கொள்கிறார். சுண்டுவிரல் எட்டவில்லை, மணிக்கட்டு வலிக்கிறது, சுருதி சேரவில்லை. ஆகவே கைதான் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடுகிறது.

ஜாசின், மெர்லிமாவ், ஆலோர் காஜா, தெபோங் வட்டாரத் தோட்டங்களிலிருந்தும் சிறு பட்டணங்களிலிருந்தும் வயலின் கற்க வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் சீக்கிரம் கிடைக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் நாதஸ்வரமும் தவிலும் உறுமியும் கேட்டு வளர்ந்த வீட்டுக்கு வயலின் புது வரவு. அண்ணன் வாசித்து விட்டது, உறவினர் கொடுத்தது, மலிவாக வந்தது என்று கைக்குக் கிடைத்ததே வயலின். அது பிள்ளையின் கைக்குப் பொருந்துகிறதா என்று யார் அளந்து பார்க்கிறார்கள்?

அளந்து பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆரம்பப் பள்ளியில் படித்த பின்னக் கணக்கே போதும்.

முழு அளவு வயலினில், தலைப்பக்கத்துச் சிறு மேட்டிலிருந்து குதிரை வரை அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 328 மி.மீ. விரல் வைக்காத தந்தி ஸட்ஜம் என்றால், சதுச்ருதி ரிஷபம் தந்தியின் ஒன்பதில் ஒரு பங்கில் விழும். பஞ்சமம் மூன்றில் ஒரு பங்கில் விழும். ஆள்காட்டி விரலை ரிஷபத்திலும் சுண்டுவிரலைப் பஞ்சமத்திலும் வைத்தால் இடைவெளி ஒன்பதில் இரண்டு பங்கு, அதாவது 73 மி.மீ. முக்கால் அளவு வயலினின் தந்தி சுமார் 310 மி.மீ.; அதில் இதே இடைவெளி 69 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 7/8 என்றோர் அளவு இருக்கிறது. கடைகளில் எளிதில் கிடைக்காது, கேட்டு வாங்க வேண்டும். அதில் 70 மி.மீ.

மூன்று, நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் பஞ்சமத்தை ஒட்டிய இடத்தில் ஓர் அரைச் சுரத்தின் அகலமே 12 அல்லது 13 மி.மீ.தான். 4 மி.மீ. என்பது அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஏற்கெனவே முழுதும் நீண்டுவிட்ட சுண்டுவிரலுக்கு, சுருதி சேர்வதற்கும் சேராமல் போவதற்கும் அது போதும். 'காது சரியில்லை' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குக் காது நன்றாகவே இருக்கிறது; விரல்தான் அந்த இடத்துக்குப் போய்ச் சேரவில்லை.

கர்நாடக இசை பயிலும் மாணவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இதை வகுப்பில் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. சரளிவரிசை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. அதில் ரிஷபம் சுத்தம். தந்தியின் பதினாறில் ஒரு பங்கில் இருக்கிறது. காந்தாரம் அந்தரம், ஐந்தில் ஒரு பங்கில் இருக்கிறது. வழக்கப்படி முதல் விரலை ரிஷபத்திலும் இரண்டாம் விரலை காந்தாரத்திலும் வைத்தால், இரண்டுக்கும் இடையே 45 மி.மீ.! மேற்கத்திய முறையில் தொடங்கும் பிள்ளை மேஜர் ஸ்கேலில் அதே இரண்டு விரல்களுக்கு இடையே விடும் தூரம் 29 மி.மீ.தான். தைவதம், நிஷாதம் வரும்போது பஞ்சமத் தந்தியிலும் அதே 45. குரலுக்கு அருமையான முதல் ராகம். சிறிய இடக்கைக்கோ முதல் நாளே பெரிய தாவல்.

இதற்கு வழி உண்டு. ரிஷபம் ஒலித்து முடிந்ததும் முதல் விரலை அங்கேயே ஆணி அடித்தாற்போல் வைத்திருக்கத் தேவையில்லை. அதை எடுத்துவிட்டு, கை முழுவதும் சற்று முன்னே நகர, இரண்டாம் விரல் காந்தாரத்தில் இறங்கட்டும். திரும்பி வரும்போது கையும் திரும்பி வரட்டும். வைத்த விரலை எடுக்காதே என்ற பாடம் நீண்ட விரல்களுக்கு நல்ல பாடம். குட்டை விரலுக்கு அதுவே விலங்கு.

அது முறை மீறல் ஆகாதா என்று கேட்கலாம். வயலின் நம்மிடம் வந்த கதையே முறையை மாற்றிய கதைதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய ஆண்டுகளில், சென்னையில் ஓர் ஐரோப்பியக் கலைஞரிடம் இதைக் கற்றார். அதன் பிறகு நம்மவர்கள் நாற்காலியை விட்டுத் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தார்கள். கருவியின் சுருள் தலையை வலது பாதத்தில் ஊன்றினார்கள். தந்திகளைப் பாடகரின் சுருதிக்கு ஏற்ப ஸ-ப-ஸ-ப என்று சேர்த்தார்கள். மலாக்காவும் தன் பங்குக்கு வயலினைத் தன்வயமாக்கியது. 2018இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய டொண்டாங் சாயாங்கில் ரெபானாவோடும் கோங்கோடும் ஒலிப்பது வயலின். மலாய்க்காரர், பாபா நியோஞா, போர்த்துகீசிய வம்சத்தார் ஆகியோருடன், சுல்தான் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளும் அதைப் பாடி வருகிறார்கள். கருவி ஒன்று; அதைக் கைக்கொண்டவர்கள் தத்தம் இசைக்கு ஏற்ப வளைத்துக்கொண்டார்கள்.

நம் முன்னோர் செய்த மாற்றத்தில் சிறிய கைக்காரருக்கு ஒரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. நின்று வாசிக்கும்போது தாடையும் தோளும் வயலினைப் பிடிக்க வேண்டும். பழகாதவர்கள் இடக்கையாலும் தாங்குவார்கள். தரையில் அமர்ந்து வாசிக்கும்போது மார்பும் பாதமும் பாரத்தை ஏற்கின்றன. இடக்கை வழுக்கி ஓடுவதற்கு விடுதலை பெறுகிறது. கமகம் என்பதே விரலை நீட்டுவதை விட விரலை ஓட்டுவதில்தான் இருக்கிறது. ஒரே தந்தியில் ஒரே விரலை நெடுந்தூரம் ஓட்டி வாசிப்பதற்குப் பரூர் பாணி பெயர்பெற்றது, எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் (1931–2013) வாசிப்பை ஒருமுறை காணொளியில் பாருங்கள். ஓடுகிற விரலுக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை.

மேற்கத்திய முறையில் பயில்பவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு. அவர்களுக்குக் கையின் நிலையைத்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். பலரும் முதல் விரலை வைத்துவிட்டு, அங்கிருந்து சுண்டுவிரலை இழுக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்து பாருங்கள். சுண்டுவிரலை முதலில் அதன் இடத்தில் வளைவாக, வசதியாக வையுங்கள். பிறகு முதல் விரலைப் பின்பக்கம் சாய்த்து அதன் சுரத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆள்காட்டி விரல் பின்னோக்கி எளிதில் விரியும். சுண்டுவிரல் முன்னோக்கி அவ்வளவு எளிதில் விரியாது. கை ஒன்றுதான், தூரமும் அதே 73 மி.மீ.தான். ஆனால் உழைப்பு வலுவான விரலுக்குப் போகிறது.

கட்டைவிரலைக் கவனியுங்கள். அது கழுத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் மற்ற விரல்கள் அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிடும். கட்டைவிரலைக் கழுத்தின் அடிப்பக்கம் தாழ்த்தி, இரண்டாம் விரலுக்கு எதிரே சற்று முன்னே நகர்த்தினால் உள்ளங்கை உயரும். சுண்டுவிரலுக்குச் சட்டென்று இடம் கிடைக்கும். ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி கழுத்தை அழுத்தாமல் மெல்லத் தொட்டால் போதும். தடித்த தந்திக்குப் போகும்போது இடது முழங்கையை வயலினுக்கு அடியில் வலப்பக்கமாகக் கொண்டுவர வேண்டும். முழங்கை வராமல் விரல் மட்டும் போனால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். வலி பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

இன்னொன்று, மூன்றாம் நிலையைக் கண்டு பயப்படாதீர்கள். அது கடினம் என்று தள்ளிப்போடுவார்கள். ஆனால் தந்தியில் மேலே போகப் போகச் சுரங்கள் நெருங்கி வருகின்றன. முதல் விரல் மத்யமத்தில் இருக்கும்போது, அதே விரல் விரிவுக்குத் தேவைப்படுவது தந்தியின் பதினாறில் மூன்று பங்கு, 61 மி.மீ. சொச்சம். முதல் நிலையில் எட்டாத சுண்டுவிரல் இங்கே எட்டும். நீட்டுவதற்குப் பதிலாகக் கையை நகர்த்தக் கற்றுக்கொண்டவர்கள் பாதிச் சிக்கலைத் தாண்டிவிடுகிறார்கள். ஸ்பெயின் நாட்டு மேதை சரசாத்தே (1844–1908) சிறிய கைக்காரர் என்று பெயர்பெற்றவர். தமக்கான உருப்படிகளைத் தாமே எழுதிக்கொண்டார். அவற்றை இன்று நீண்ட விரல்காரர்கள் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்கிறார்கள்.

கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான வயலின்களில் குதிரை உயரமாக இருப்பது சகஜம். விரற்பலகையின் முடிவில் தடித்த தந்தி சுமார் 5.5 மி.மீ., மெல்லிய தந்தி சுமார் 3.5 மி.மீ. உயரத்தில் இருந்தால் போதும். அதைவிட அதிகமென்றால் ஒவ்வொரு சுரத்துக்கும் நீங்கள் கூடுதல் பலம் கொடுக்கிறீர்கள். குட்டைச் சுண்டுவிரல்தான் முதலில் களைத்துப்போகும். குதிரையையும் தலைப்பக்கத்து மேட்டையும் செதுக்கிச் சீர் செய்வது பழுது பார்ப்பவருக்குச் சிறிய வேலை. நீங்களே கத்தியை எடுக்க வேண்டாம்.

விரலை நீட்டும் கருவிகள், இழுத்துக் கட்டும் பயிற்சிகள் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள். வாசிக்கும்போது விரல் மரத்துப்போனாலும், வலி அடுத்த நாளும் நீடித்தாலும் வில்லை வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலியோடு வாசிப்பது பக்தியும் இல்லை, சாதகமும் இல்லை.

சிறிய வயலினுக்கு இறங்கினால் தேர்வில் மதிப்பெண் போய்விடும் என்ற பயம் பெற்றோருக்கு உண்டு. நம் நாட்டில் பலர் எழுதும் ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வில் எந்த அளவு வயலினும் ஏற்கப்படும். அந்தக் கருவியில் நாதம் எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி. இடைநிலைப்பள்ளி மாணவரின் கை இன்னும் வளரக்கூடும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி அளந்து பார்த்தால் போதும்.

கடைசியாக, மாஸ்டரிடம் சொல்லத் தயங்குவது. தோட்டத்திலிருந்து பேருந்து ஏறிச் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளை, குறை சொன்னதாக நினைத்துவிடுவாரோ என்று வாயைத் திறப்பதில்லை. வலிக்கிறது என்று மட்டும் சொன்னால் "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்ற பதில் வரக்கூடும். இடத்தைக் காட்டிக் கேளுங்கள்: "மாஸ்டர், முதல் விரல் ரி-யில இருக்கும்போது சுண்டுவிரல் ப-வுக்கு இவ்வளவு எட்டலை. கட்டைவிரலைக் கீழே இறக்கலாமா, இல்லை முக்கால் வயலின் ஒன்றை ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமா?" கையில் ஓர் அடிக்கோலும் இருக்கட்டும்.