நிலம் கைமாறினாலும் நீங்காத நிபந்தனை

லண்டன் லெஸ்டர் சதுக்கத் தோட்டத்தை 1808-இல் விற்ற டல்க், அங்கே கட்டடம் எழுப்பக் கூடாது என்று பத்திரத்தில் உறுதி வாங்கினார். பல கைமாறி மாக்ஸ்ஹே வாங்கியபோது, அவரது பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. ஆனால் விஷயம் தெரியும். கட்டடம் கட்ட முனைந்தார். டல்க் தொடுத்த வழக்கில், கட்டடத்துக்கு விதிக்கப்பட்ட தடையாணையை 1848-இல் நீதிபதி காட்டன்ஹாம் பிரபு உறுதிசெய்தார். நிபந்தனையால் விலை குறைந்த நிலத்தை வாங்கி, மறுநாளே நிபந்தனையின்றி அதிக விலைக்கு விற்பது அநியாயம் என்ற அவரது வாதம் இன்றும் வலுவானது.

நிபந்தனையை அறிந்து வாங்கியவரை அது கட்டுப்படுத்தும் என்ற இவ்விதியைப் பிற்காலத் தீர்ப்புகள் சுருக்கின. ‘கட்டாதே’ என்ற தடை அடுத்த உரிமையாளருக்கும் பொருந்தும். ‘சுவரைப் பழுதுபார்’ என்ற கடமை பொருந்தாது. பயன்பெறும் அண்டை நிலமும் இருக்க வேண்டும். இந்தியாவின் 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டம் 40ஆம் பிரிவில் இக்கொள்கையை ஏற்றது. நிபந்தனை அறியாமல் கிரயம் கொடுத்து வாங்கியவரை அது கட்டுப்படுத்தாது.