வேர்ப்பொடியும் ஆய்வுக்கூடமும்

பாசார் மாலாமில் தொங்காட் அலி வேர்ப்பொட்டலம் வாங்கியிருக்கிறீர்களா? சிலவற்றில் 'ஆய்வுக்கூடத்தில் சோதிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சோதனை எப்படிப்பட்டது, அதை எதுவரை நம்பலாம் என்று தெரிந்துகொண்டால் பணத்தையும் உடம்பையும் காத்துக்கொள்ளலாம்.

முதலில் வேரைக் கழுவி, உலர்த்தி, பொடியாக்கி, தண்ணீரிலோ மெத்தனால் என்னும் சாராய வகையிலோ ஊறவைக்கிறார்கள். வடிகட்டி, திரவத்தை ஆவியாக்கினால் பிசினைப் போன்ற சாறு மிஞ்சும். நம் வீட்டுக் கஷாயத்துக்கு அண்ணன் முறை!

அடுத்தது நிறம் பார்க்கும் சோதனை. டிபிபிஎச் என்ற இரசாயனப் பொடியைக் கரைத்தால் நல்ல கத்தரிப்பூ நிறம் வரும். சாற்றில் ஆண்டி-ஆக்ஸிடண்ட் சத்து இருந்தால் அந்த நிறம் கலைந்து மஞ்சளாகும். 1958-இல் பிளாய்ஸ் என்பவர் வெளியிட்ட முறை இது. எளியது, செலவும் குறைவு. ஆனால் நீங்கள் காலையில் குடிக்கும் தேயிலைச் சாயமும் இதே நிறத்தைக் கலைத்துவிடும்! ஆகவே நிறம் மாறியதாலேயே ஒரு வேர் அதிசய மருந்தாகிவிடாது. பாதி நிறத்தைக் கலைக்கச் சாறு எவ்வளவு தேவைப்பட்டது, அதே வேலைக்கு வைட்டமின் சி எவ்வளவு தேவைப்பட்டது என்று ஒப்பிட்டுக் கேட்க வேண்டும்.

வீக்கத்தைத் தணிக்கும் குணத்தைச் சோதிப்பது இன்னும் கடினம். எலியின் நோய் எதிர்ப்பு உயிரணுக்களைத் தட்டில் வளர்த்து, கிருமியின் மேலுறையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்த்தால் அவை சீண்டப்பட்டு நைட்ரிக் ஆக்ஸைடை வெளிவிடும். வேர்ச்சாறு சேர்த்ததும் அது குறைந்தால் நல்ல அறிகுறி. ஆனால் சாறு அந்த உயிரணுக்களையே கொன்றுவிட்டாலும் அது குறையத்தானே செய்யும்? அதனால் அவை உயிரோடு இருக்கின்றனவா என்று தனியே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காத ஆராய்ச்சியை நான் நம்பமாட்டேன். இன்னொரு முறையில், எலியின் பாதத்தில் கராஜீனனை ஊசியால் ஏற்றி, வீக்கத்தை மணிக்கணக்கில் அளக்கிறார்கள். 1962-இல் வெளிவந்த முறை அது. கராஜீனன் வேறொன்றுமில்லை, சபாவின் செம்பூர்ணா கடலில் வளர்க்கிறார்களே கடற்பாசி, அதிலிருந்து எடுப்பதுதான்.

இத்தனையும் தாண்டினாலும் மனிதரிடம் சோதிப்பது பாக்கி இருக்கிறது. தட்டில் ஊற்றிய சாறு வேறு, குடலைக் கடந்து இரத்தத்தில் கலப்பது வேறு. பாதுகாப்பும் தனிக் கேள்வி. தொங்காட் அலி வேர்ச்சாற்றை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அது மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்றும், பாதுகாப்பானது என்பது நிலைநாட்டப்படவில்லை என்றும் 2021-இல் கூறியது.

நம் தாத்தா பாட்டிகள் வேரை அறிந்தவர்கள்தாம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வேர்ப்பொடி குடிப்பவர்கள் லயத்திலும் இருக்கிறார்கள், தாமானிலும் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள். பொட்டலத்தைத் திருப்பி, எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தானால் எண்ணுக்குப் பின் 'டி' என்ற எழுத்து வரும். அந்தப் பதிவு பாதுகாப்பையும் தரத்தையும் பார்ப்பது. நோய் தீரும் என்பதற்குச் சான்று அன்று. அடுத்த முறை கிளினிக் போகும்போது மாத்திரையோடு அந்தப் பொட்டலத்தையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.