இரண்டு நாள் ஏரி யாத்திரை

ஆலங்குடி என்று சொன்ன மாத்திரத்தில், "ஆஹா! குரு பகவான் ஸ்தலம் அல்லவா?" என்று கேட்காதவர்கள் குறைவு. அது திருவாரூர் ஜில்லா ஆலங்குடி. நாம் சொல்லுவது புதுக்கோட்டைக்குக் கிழக்கே சுமார் 20 கிலோ மீட்டர் தூரத்தில், நாமபுரீசுவரர் கோயில் கொண்டிருக்கும் ஆலங்குடி. இந்த ஆலங்குடிக்கு ரயில் கிடையாது, மலை கிடையாது, அருவி கிடையாது. ஆனாலும் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் ஓய்வு சேர்ந்தாற்போல் கிடைத்துவிட்டால், "எங்கேயாவது போய் வரலாமே!" என்ற ஆசை மட்டும் மற்ற ஊர்களுக்குச் சற்றும் குறையாமல் இங்கேயும் உண்டு.

"எங்கேயாவது" என்பதற்கு இப்போதெல்லாம் ஒரே அர்த்தம்தான்: கோடைக்கானல். ஏரிக் கரையில் உலாவ வேண்டும். படகில் ஏற வேண்டும். புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குழந்தைகள் இதைச் சொல்லும்போது மறுக்கத்தான் எந்தத் தகப்பனாருக்கு மனம் வரும்? ஆனால் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்தவுடனேயே அவருடைய முகம் வாடிப் போகிறது.

ஆலங்குடியிலிருந்து கோடைக்கானல் 200 கிலோ மீட்டருக்கு மேல். மதுரை போய், வத்தலக்குண்டு வழியாக மலை ஏற வேண்டும். போக ஒரு பொழுது, வர ஒரு பொழுது. இரண்டு நாளில் ஒரு நாளைச் சாலையே விழுங்கிவிடுகிறது. மிஞ்சிய ஒரு நாளுக்காக ஓர் இரவு அறை வாடகை. அதுவும் விடுமுறைக் காலமாக இருந்தால் வாடகை மலையைவிட உயரமாக ஏறி நிற்கும். போதாததற்கு, உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறும் ஏற்பாடும் வந்தது. கூட்டத்தின் பளுவை மலை தாங்கவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஆகவே, குடும்பத் தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். அந்த அடுத்த வருஷம் வருவதே இல்லை.

ஏரி என்றால் என்ன?

இந்த இடத்தில் நாம் சற்று நிதானித்து ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நலம். கோடைக்கானல் ஏரி எங்கிருந்து வந்தது?

பகவான் சிருஷ்டித்து வைத்த ஏரி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்சு என்னும் வெள்ளைக்காரத் துரை 1863-ஆம் வருஷத்தில் அங்கே ஓடிய நீரோடைக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கியது அது. பரப்பளவு சுமார் 60 ஏக்கர். உதகமண்டலத்து ஏரியும் அப்படியே. அதற்குச் சுமார் நாற்பது வருஷம் முன்னால், கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டுவித்தது.

ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே கரை போட்டு ஏரி கட்டுவது என்பது துரைமார்கள் சீமையிலிருந்து கொண்டுவந்து நமக்குச் சொல்லிக் கொடுத்த வித்தையா? அவர்கள் கப்பல் ஏறுவதற்குப் பல நூறு வருஷங்களுக்கு முன்னாலேயே நம்முடைய குடியானவர்களுக்கு அது கை வந்த கலை. புதுக்கோட்டைச் சீமையில் பெரிய ஜீவநதி இல்லை. வானம் பார்த்த பூமி. மழை பெய்யும் இரண்டு மூன்று மாதத்துத் தண்ணீரை வருஷம் முழுவதற்கும் சேர்த்து வைத்தால்தான் பிழைப்பு. ஆகையினால் சரிவு கண்ட இடமெல்லாம் பிறை வடிவாகக் கரை போட்டு, ஆயிரக்கணக்கில் கண்மாய்களும் குளங்களும் ஊருணிகளும் வெட்டினார்கள். மேல் கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாகக் கீழ்க் கண்மாய். அது நிரம்பினால் அதற்கும் கீழே. சங்கிலியில் கண்ணிகளைக் கோத்தது போல் கோத்து வைத்தார்கள்.

கண்மாய்க்குள்ளே சற்றுத் தூரத்தில் இரண்டு கல் தூண்கள் தனியாக நிற்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். அதற்குக் குமிழி என்று பெயர். அதன் அடியில் இரண்டு வகைத் துளைகள் உண்டு. ஒன்று நீரோடித் துளை. தெளிந்த தண்ணீர் பாசனத்துக்குப் போக. மற்றொன்று சேறோடித் துளை. அடியில் படியும் வண்டலை அவ்வப்போது வெளியேற்ற. ஏரி தூர்ந்து போகாமலிருப்பதற்கு இவ்வளவு எளிய உபாயத்தைக் கண்டுபிடித்தவர்கள், குமிழித் தூண்களிலே அதைச் செய்து வைத்த தர்மவானின் பெயரைப் பொறித்ததும் உண்டு.

துரைமார்கள் படகு விடுவதற்கு ஏரி கட்டினார்கள். நம்மவர்கள் உலை வைப்பதற்கு ஏரி கட்டினார்கள். ஒன்றைப் பார்க்க 200 கிலோ மீட்டர் போகிறோம். மற்றொன்றின் மேல் குப்பையைக் கொட்டுகிறோம்!

முதல் நாள்: குளங்களின் நகரம்

சனிக்கிழமை காலையில் புளியோதரையும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியது. கட்டுச் சோறு என்பது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. குளக்கரை அரச மரத்தடியில் சாப்பிடும் புளியோதரைக்கு இருக்கும் ருசி எந்த ஹோட்டலிலும் கிடையாது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021-ஆம் வருஷத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமே இல்லை. அந்த வகை வண்டியாகப் பார்த்து ஏறினால், வீட்டு அம்மாளுக்கும் பாட்டியம்மாளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் பிரயாணச் செலவு பூஜ்யம்!

புதுக்கோட்டையில் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிய பல்லவன் குளம். நேர் கோடு போட்டாற்போல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வீதிகளைப் பார்க்கும்போதே, இந்த நகரம் யோசித்துக் கட்டிய நகரம் என்று தெரியும். 1878 முதல் 1894 வரையில் சமஸ்தானத்தின் நிர்வாகத்தை நடத்திய ஸர் ஏ. சேஷையா சாஸ்திரியார் நகரை அழகுபடுத்தியதோடு நிற்கவில்லை. ஜனங்களுக்குக் குடி தண்ணீர் வேண்டும் என்று பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் செப்பனிடச் செய்தார்.

அங்கிருந்து திருக்கோகர்ணம். பிருகதாம்பாள் சந்நிதியில் நின்று, இந்த அம்பிகையின் உருவத்தைத்தான் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசிலே பொறித்தார்கள் என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அது மிகமிகச் சின்னச் செப்புக் காசு. சின்னக் காசுக்கும் மதிப்பு உண்டு என்பதற்கு, சிக்கன யாத்திரை செய்கிறவர்களுக்கு அவளைவிடப் பொருத்தமான தெய்வம் வேறு யார்? அருகிலேயே 1910-இல் ஸ்தாபிக்கப்பட்ட அரசாங்கப் பொருட்காட்சிச்சாலை இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளிலும், மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமையிலும் அதற்கு விடுமுறை. இதை விசாரியாமல் போய், பூட்டிய கதவைத் தரிசனம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள் அநேகம்.

மாலையில் புதுக்குளக் கரையில் உலாவிவிட்டு, இரவு என்ன செய்வது? இங்கேதான் இந்தத் திட்டத்தின் பெரிய லாபம் இருக்கிறது. 20 கிலோ மீட்டர்தானே? பேசாமல் வீட்டுக்கே திரும்பி வந்து, சொந்தப் பாயில் படுத்துத் தூங்கலாம். அறை வாடகை என்ற பெருஞ்செலவு அடியோடு ஒழிந்து போகிறது.

இரண்டாம் நாள்: வற்றாத பொய்கை

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே சித்தன்னவாசல் போய்விட வேண்டும். புதுக்கோட்டையிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டர். குன்றின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் குகையில், சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. ஒன்றிலே இரண்டாயிரம் வருஷத்துப் பழமை வாய்ந்த தமிழ் எழுத்துக்கள்.

மேற்புறத்திலுள்ள அறிவர் கோயிலின் விதானத்தை நிமிர்ந்து பாருங்கள். அங்கே ஒரு தாமரைப் பொய்கை! அல்லியும் தாமரையும் பூத்துக் கிடக்கின்றன. மீன்கள் துள்ளுகின்றன. அன்னங்களும் யானைகளும் எருமைகளும் நீராடுகின்றன. இளைஞர்கள் பூப் பறிக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இந்தக் கோயிலை இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் புதுப்பித்ததாகக் கல்வெட்டுக் கூறுகிறது. வறண்ட பூமியிலே வாழ்ந்த மனிதன் ஆனந்தத்தைச் சித்திரமாக எழுத நினைத்தபோது, தண்ணீர் நிறைந்த ஒரு குளத்தை எழுதினான்! வர்ணங்கள் பல இடங்களில் உதிர்ந்து போயின. ஆனாலும் ஆயிரம் வருஷமாகப் பொய்கை வற்றவில்லை.

பிற்பகலில் திருமயம். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டையின் உச்சியில் ஏறினால், சுற்றிலும் கண்மாய்கள் கண்ணாடித் துண்டுகளைப் போல் பளபளக்கும். அடிவாரத்தில் இருக்கும் பெருமாள் கோயிலின் மூர்த்திக்குச் சத்தியமூர்த்தி என்று திருநாமம். அந்த ஊரில்தான் 1887-இல் தீரர் சத்தியமூர்த்தி பிறந்தார். அவருடைய சட்டசபைப் பிரசங்கங்களை எல்லோரும் அறிவார்கள். ஆனால் 1939-இல் சென்னை மேயரானபோது, நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத்துக்காக அவர் பட்ட பாட்டை நினைப்பவர் சிலரே. 1940-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. 1944-இல் வேலை முடிந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. முந்திய வருஷமே காலமாகிவிட்டார். இன்றைக்கும் அதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் என்றுதான் பெயர். கண்மாய்ச் சீமையில் பிறந்தவனுக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும் போலும்!

திரும்பும் வழியில் புதுக்கோட்டையை ஒட்டிய கவிநாட்டுக் கண்மாய்க் கரையில் சூரியாஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். மார்கழி, தை மாதங்களே இதற்கு உகந்த காலம்; ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய நீர் அப்போதுதான் தெளிந்திருக்கும். ஓர் எச்சரிக்கை: கரையில் உலாவலாம், தண்ணீரில் மட்டும் குழந்தைகளை இறங்கவிடக் கூடாது. மடைப் பக்கத்து ஆழம் வெளியூராருக்குத் தெரியாது.

பார்ப்பதே ஒரு பராமரிப்பு

"ஐயா, கண்மாயைப் பார்க்க ஒரு யாத்திரையா? தினந்தோறும் பார்க்கிறதுதானே!" என்று ஒரு நண்பர் சிரித்தார்.

"உங்கள் வீட்டுக் கிணற்றுக்கு ஊற்று எந்தக் கண்மாயிலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "கோடைக்கானல் ஏரி என்ன வடிவம்?" என்று கேட்டேன். "நட்சத்திர வடிவம்!" என்று உடனே பதில் வந்தது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து, இந்த வட்டாரத்தின் தென்னைகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. அந்த நஷ்டத்துக்குப் பிறகும் 2019-இல் பேராவூரணி, கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர்கள் என்ன செய்தார்கள்? தங்களுக்குள்ளேயே பணம் திரட்டி, ஏரி குளங்களைத் தூர் வாரினார்கள். நம் பாட்டன்மார் குடிமராமத்து என்று சொன்னார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

எல்லோராலும் மண்வெட்டி எடுக்க முடியாமலிருக்கலாம். வருஷத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போய் நின்று பார்க்க முடியும் அல்லவா? ஊரார் வந்து பார்க்கும் ஏரியில் குப்பை கொட்டக் கை கூசும். கரையைக் கரைத்து மனை போடவும் பயம் வரும். போகிறவர்கள் சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்து வந்தாலே, அது பாதிக் குடிமராமத்து.

கோடைக்கானலுக்கு என்றைக்காவது அவசியம் போய் வாருங்கள். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் நட்சத்திர வடிவ ஏரியைக் கண்ட குழந்தைகள், "அப்பா, இதற்குக் கலிங்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் குழந்தைகளை ஆலங்குடிக் கண்மாய்க் கரைகள்தான் தயார் செய்து அனுப்ப முடியும்.