ஒரு சதுரத்தில் ஒரு குட்டிக் காலணி



கைவேலை வகுப்பில் குரோஷா ஊசியைக் கையில் கொடுத்ததும் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், என்ன பின்னப் போகிறோம்?" என்பதுதான். மேசை விரிப்பு என்றால் உங்கள் முகம் வாடிவிடும். அது முடிவதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிடும் என்று உங்களுக்குத் தெரியும். கைக்குழந்தைக்குக் காலணி என்றாலோ அத்தனை முகங்களும் மலர்ந்துவிடும். இரண்டு மூன்று மாலைப் பொழுதில் முடிந்துவிடும், உள்ளங்கையில் அடங்கிவிடும், அக்கா வீட்டிலோ சித்தி வீட்டிலோ எப்படியும் ஒரு குழந்தை இருக்கும். ஆனால் சின்னப் பொருளாயிற்றே என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். அதை அணியப் போகிறவருக்கு, "இங்கே உறுத்துகிறது" என்று சொல்லத் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்ட கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முதன்முதலாகப் பின்னிய காலணி என் அக்காள் மகனுக்கு. வெளியே பார்க்க அவ்வளவு அழகு. வந்தவர்கள் எல்லாரும் கையில் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளேயோ, நிறம் மாற்றிய இடங்களில் எல்லாம் நூல் முனைகளை அப்படியே விட்டிருந்தேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம்தான். ஒரு நாள் பிற்பகல் குழந்தை அழுதுகொண்டே இருந்தான். பால் கொடுத்தாயிற்று, வயிற்றுவலி என்று ஓமத் தண்ணீரும் கொடுத்தாயிற்று, அழுகை நிற்கவில்லை. கடைசியில் என் அம்மாதான் காலணியைக் கழற்றினார். நான்காம் விரலில் ஒரு நூலிழை இறுகச் சுற்றியிருந்தது. விரல் சிவந்து வீங்கி நின்றது. மருத்துவர்தான் அதை நறுக்கி எடுத்தார். இரத்த ஓட்டம் இன்னும் சில மணி நேரம் தடைப்பட்டிருந்தால் விரலுக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் எந்தக் காலணியைக் கண்டாலும் முதலில் உள்ளே விரலை விட்டுப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உங்கள் வேலைக்கும் அப்படித்தான் மதிப்பெண் போடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

குரோஷே என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குச் சின்னக் கொக்கி என்று பொருள். அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, அங்குள்ள கன்னியர் மடங்களில் ஏழைப் பெண்களுக்கு இந்தக் கொக்கி வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் பின்னிய லேஸை விற்றுப் பல குடும்பங்கள் உயிர் பிழைத்தன. நாம் பின்னப் போகும் சதுரம் அந்த நுண்ணிய லேஸ் வகையைச் சேர்ந்ததன்று. வீட்டில் மிஞ்சிய துண்டு நூல்களைக் கொண்டு போர்வைக்காகப் பின்னியது. 1885-ஆம் ஆண்டிலேயே 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற அமெரிக்க வேளாண்மை இதழில் இதன் செய்முறை வெளிவந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கிரானி ஸ்கொயர் என்பார்கள்; நம் வகுப்பில் அது பாட்டிச் சதுரம்.

நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு என்றதும் கம்பளி நூல் வாங்கக் கிளம்பிவிடுகிறீர்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் இருப்பவர்களுக்கு அது சரி. சமவெளியில் சித்திரை மாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அது தண்டனை. வியர்வையை உறிஞ்சும் பருத்தி நூலே நமக்கு ஏற்றது. நான்கு இழை நூலும் 3 மி.மீ. ஊசியும் போதும். 50 கிராம் உருண்டை ஒன்றில் இரண்டு ஜோடி தாராளமாக வரும். பளபளக்கும் சரிகை இழை கலந்த நூலைத் தொடவே வேண்டாம். அது தோலைக் கீறும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்துப் பின்ன ஆசைப்பட்டால், சிவப்பில் ஒரு முழம் வெட்டி வெள்ளைத் துணியில் சுற்றி வெந்நீரில் நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். குழந்தை கால் கட்டை விரலை வாயில் வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது அளவு. பலரும் பின்னி முடித்த பிறகுதான் அளவைப் பற்றி நினைக்கிறார்கள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் அடி ஏறத்தாழ 8 செ.மீ. நீளம் இருக்கும், ஆறு மாதத்தில் 10 செ.மீ. அளவுக்கு வளர்ந்துவிடும். அடி நீளத்தோடு 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள், அதுவே சதுரத்தின் ஒரு பக்கம். கூட்டியதில் 2 செ.மீ. முன்பக்கச் சுருக்கில் போய்விடும், 1 செ.மீ. விரல் அசைய இடம். ஆகவே பிறந்த குழந்தைக்கு 11 செ.மீ. சதுரம், ஆறு மாதக் குழந்தைக்கு 13 செ.மீ. ஒரு காலுக்கு ஒரே சதுரம். ஆறு ஏழு சிறு சதுரங்களை ஒட்டுப்போட்டுச் செய்யும் முறையும் உண்டு; பார்க்க வண்ணமயமாக இருக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒவ்வொரு ஒட்டும் உள்ளே ஒரு தழும்பு.

இனிப் பின்னலாம். நான்கு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் இழுத்து இணைத்தால் ஒரு வளையம் கிடைக்கும். தொடக்க நூல்முனையை நீளமாக விட்டுவையுங்கள், பின்னால் தேவைப்படும். நாம் பயன்படுத்தும் தையல் டிரெபிள் ஒன்றுதான். ஊசியில் நூலை ஒரு முறை சுற்றி, வளையத்துக்குள் விட்டு, நூலை வெளியே இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். நூலை எடுத்து இரண்டு கண்ணிகளில் வாங்குங்கள், மறுபடியும் எடுத்து மீதி இரண்டில் வாங்குங்கள். அவ்வளவுதான். இங்கே ஓர் எச்சரிக்கை: ஆங்கிலேயர் டிரெபிள் என்பதை அமெரிக்கர் டபுள் என்கிறார்கள். நம் பள்ளி நூலகத்திலுள்ள பழைய புத்தகத்தைப் பார்த்துப் பாதி, கைப்பேசியில் அமெரிக்கப் படத்தைப் பார்த்துப் பாதி பின்னினால் ஒரு கால் நீளமும் ஒரு கால் குட்டையுமாக வரும். சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு ஜோடி வந்தது!

முதல் சுற்றில் மூன்று சங்கிலி போடுங்கள்; அது ஒரு டிரெபிளுக்குச் சமம். வளையத்துக்குள்ளேயே இன்னும் இரண்டு டிரெபிள், பிறகு இரண்டு சங்கிலி. அதன்பின் மூன்று டிரெபிள், இரண்டு சங்கிலி என்று மூன்று முறை செய்து, தொடக்கச் சங்கிலியின் தலையில் இணைத்துவிடுங்கள். நான்கு கொத்துகள், நான்கு மூலைகள். இரண்டாம் சுற்றிலிருந்து ஒரே விதிதான்: மூலை இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று டிரெபிள், இரண்டு சங்கிலி, மறுபடி மூன்று டிரெபிள், பக்கங்களிலுள்ள இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று டிரெபிள் மட்டும். ஒவ்வொரு சுற்றையும் தொடங்குமுன் மூலை வரை இழுப்புத் தையலால் நகர்ந்து வந்துவிடுங்கள். கொத்துகளுக்கு நடுவே ஒரு சங்கிலி போடச் சொல்லும் புத்தகங்கள் உண்டு. போர்வைக்கு அது அழகு. காலணிக்கு வேண்டாம், ஓட்டை பெரிதாகும். சுற்றின் எண்ணை நான்கால் பெருக்கினால் எத்தனை கொத்து இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்: மூன்றாம் சுற்றில் 12, ஐந்தாம் சுற்றில் 20. எண்ணிக்கை தப்பினால் சதுரம் கோணும். தயங்காமல் பிரித்துவிடுங்கள். குரோஷாவில் ஊசியில் நிற்பது ஒரே கண்ணி என்பதால், பிரிப்பது ஒரு நிமிட வேலை.

ஐந்து சுற்றில் ஏறத்தாழ 11 செ.மீ. வரும். ஏறத்தாழ என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ஒவ்வொருவர் கையும் ஒவ்வொரு இறுக்கம். அளவுகோலை வைத்துப் பாருங்கள். அரை செ.மீ. குறைந்தால் நனைத்து, இழுத்துக் காயவைத்தால் சரியாகிவிடும். அதற்குமேல் குறைந்தால் ஊசியை மாற்றுங்கள். இரண்டாவது சதுரத்தையும் கூடிய மட்டும் அதே நாளில் பின்னிவிடுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் பின்னும் கையும் விடுமுறையில் பின்னும் கையும் ஒன்றாக இருப்பதில்லை.

தைக்கும்போது நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி சதுரத்தை இரண்டாக மடியுங்கள். மடிப்பு கீழே இருக்கட்டும், அதுதான் உள்ளங்கால். ஒரு குறுகிய ஓரத்தை மேலிருந்து கீழ்வரை தைத்தால் குதிகால் ஆயிற்று. அங்கே அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை உள்ளிருந்து குறுக்கே ஒரு தையல் போட்டு உருட்டிவிடுங்கள். எதிர் ஓரம் முழுவதும் நூலை ஓடவிட்டு இழுத்துச் சுருக்கி இறுக்கினால் விரல்பக்கம். அங்கிருந்து மேல் ஓரத்தில் 4 செ.மீ. தைத்து நிறுத்துங்கள். மீதி திறப்பு, கால் நுழையும் வாய். நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பி, வாயைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை டிரெபிள் பின்னினால் கணுக்காலைத் தழுவி நிற்கும்.

இனி, உள்பக்கம். தொடக்கத்தில் விட்ட முனையை நடு வளையத்தைச் சுற்றி ஓட்டி, துளையை மூடிவிடுங்கள். ஒவ்வொரு முனையும் குறைந்தது 15 செ.மீ. நீளம் இருக்க வேண்டும். மழுங்கிய ஊசியில் கோத்து, ஒரு திசையில் ஓட்டி, திரும்பி, மறுபடியும் வேறு திசையில் ஓட்டிய பிறகே வெட்டுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டுவது சோம்பேறித்தனம். இரண்டாம் சலவையில் அது அவிழ்ந்துவிடும். எவ்வளவு நெருக்கமாகப் பின்னினாலும் பாட்டிச் சதுரத்தில் இடைவெளி இருக்கும், பிறந்த குழந்தையின் விரலோ பட்டாணி அளவு. ஆகவே உள்ளுக்குத் துணி கொடுப்பதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன். தாத்தாவின் பழைய வேட்டியைவிட நல்ல துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. நூறு முறை துவைத்துத் துவைத்து அது பஞ்சாகியிருக்கும். சதுரத்தைவிட 2 செ.மீ. பெரிதாக வெட்டி, காலணியைப் போலவே மடித்துத் தையுங்கள். விரல்பக்கத்தை மட்டும் சுருக்காமல் வளைவாகத் தைத்து, மிச்சத் துணியை வெட்டிவிடுங்கள். தையலின் பிசிர் காலைத் தொடாமல் பின்னல் பக்கம் பார்த்திருக்கும்படி உள்ளே நுழைத்து, வாய் ஓரத்தை மடித்துத் தைத்துவிடுங்கள்.

கட்டுவதற்குச் சங்கிலிக் கயிறு 35 செ.மீ. போதும். கணுக்கால் வரிசையில் கோத்து, குதிகாலுக்கு நேரே கயிற்றின் நடுவை இரண்டு தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள். குழந்தை இழுத்தாலும் உருவிக்கொண்டு வராது. கட்டிய பிறகு உங்கள் சுண்டுவிரல் உள்ளே தாராளமாக நுழைய வேண்டும். பொத்தான், மணி, முத்து எதுவும் வேண்டாம். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது: பிறந்தநாள் புகைப்படத்துக்கு முத்து வைத்துக் கொடுக்கும்படி கேட்டு வருகிறீர்கள், கழன்று விழும் முத்து நேரே போகும் இடம் குழந்தையின் வாய். அதேபோல், குழந்தை பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டால் இந்தக் காலணியைக் கழற்றி வைத்துவிடுங்கள். மொசைக் தரையில் நூல் அடி வழுக்கும்.

அளவில் சிறிதாகப் பின்னியவை வீணாகிவிடும் என்று கவலைப்பட வேண்டாம். 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைகளைத் தாயின் மார்போடு ஒட்டவைத்துக் காக்கும் கங்காரு முறை என்று ஒன்று உண்டு. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. அந்தக் குழந்தைகளுக்குத் தலையில் தொப்பியும் காலில் காலுறையும் அணிவிப்பது வழக்கம். நான்கு சுற்றுச் சதுரம் அவர்களுக்குப் பொருந்தும். மருத்துவமனைக்குக் கொடுக்க விரும்புவோர் முதலில் அந்த வார்டு செவிலியரிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் அளவில் பின்னுங்கள்.

கொடுப்பதற்கு முன் சோப்புப் போட்டு அலசி, வெயிலில் உலர்த்தி, உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒரு முறை பாருங்கள். இரண்டையும் சேர்த்து நூலால் கட்டிக் கொடுக்காதீர்கள். அவிழ்க்கும்போது அந்த நூல் துண்டு உள்ளே விழுந்துவிடும். ஒரு சிறு துணிப் பையில் போட்டுக் கொடுத்தால் போதும்.