மூன்று வெள்ளிச் சீட்டு

சாலையில் நெரிசல் மிகுந்தால் என்ன செய்யலாம்? ‘சாலையை அகலப்படுத்தலாம்’ என்று நம்மில் பெரும்பாலோர் உடனே விடை சொல்லிவிடுவோம். அகலப்படுத்த இடமே இல்லாத சிறு தீவு என்ன செய்யும்? சிங்கப்பூர் அத்தகையதொரு தீவு.

முதலில் நெரிசல் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். 2008-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே சீராக ஓட்டச் செய்தனர். அங்கே சிவப்பு விளக்கு இல்லை, விபத்து இல்லை, குறுக்கே வரும் மாடும் இல்லை! ஆயினும் ஒருவர் சற்றே வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் அதைவிடச் சற்று அதிகமாகக் குறைக்க, சிறிது நேரத்தில் சில கார்கள் நின்றே போயின. அந்தத் தேக்கம் அலையைப் போலப் பின்னோக்கி நகர்ந்தது. வண்டிகள் ஓர் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டால், யாரும் தவறு செய்யாமலே நெரிசல் உண்டாகும் என்பது இதனால் விளங்குகிறது. அப்படியானால், நெருக்கடியான வேளையில் சில வண்டிகளை மட்டும் விலக்கினாலே போதும் அல்லவா?

இந்தச் சோதனைக்கு வெகு காலம் முன்பே சிங்கப்பூர் அதைச் செய்து பார்த்தது. 1975 ஜூன் 2-ஆம் நாள் முதல், காலை 7.30-லிருந்து 9.30 வரை நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் கார்கள் கண்ணாடியில் ஒரு சீட்டை ஒட்டியிருக்க வேண்டும். விலை நாளொன்றுக்கு 3 வெள்ளி. (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள்.) நுழைவாயில்களில் காவலர்கள் நின்று, சீட்டு இல்லாத வண்டிகளின் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். பேருந்துகளுக்குக் கட்டணம் இல்லை. நான்கு பேர் அமர்ந்து வரும் காருக்கும் இல்லை.

அந்த வேளையில் நுழையும் வண்டிகள் 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. ஆனால் மக்களும் கெட்டிக்காரர்கள்! 9.30 வரை காத்திருந்து ஒரேயடியாக உள்ளே புகுந்தார்கள். ஆகவே நேரம் 10.15 வரை நீட்டிக்கப்பட்டது. சிலர் பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்களைக் காரில் ஏற்றி, நால்வர் கணக்கைச் சரிக்கட்டினார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. எனினும் 1989-இல் அந்தச் சலுகை நின்றது.

1998-இல் சீட்டுக்குப் பதிலாக மின்னியல் முறை வந்தது. சாலைக்குக் குறுக்கே நிற்கும் வளைவின் கீழ் வண்டி கடக்கும்போதே கட்டணம் கழிந்துவிடும். இதில் பெரிய வேலை கவனிப்பதுதான். சந்திப்புகளில் தரைக்கடியில் பதித்த கம்பிச் சுருள்கள் வண்டிகளை உணர்ந்து, பச்சை விளக்கின் நேரத்தைக் கூட்டிக் குறைக்க உதவுகின்றன. விரைவுச்சாலைகளில் ஒளிப்படக் கருவிகள் விபத்தைக் கண்டு எச்சரிக்கின்றன. வண்டிகளின் வேகமும் அளக்கப்படுகிறது. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், நகரச் சாலையில் 20 முதல் 30 என்பது குறிக்கோள். வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும். மேலே போனால் கட்டணம் இறங்கும்! சாலை வெறிச்சோடிக் கிடப்பதையும் அவர்கள் வீண் என்றே கருதுகிறார்கள்.

‘அப்படியென்றால் சாலை பணக்காரருக்கு மட்டும்தானா?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவர் மட்டும் அமர்ந்த கார்களின் பின்னே, அறுபது பேர் நெருக்கியடித்து நிற்கும் பேருந்து காத்துக் கிடக்கிறதே, அந்த அறுபது பேரும் தங்கள் நேரத்தை அல்லவா கட்டணமாகக் கொடுக்கிறார்கள்? காரை விட்டு இறங்குபவருக்கு ஏறிக்கொள்ள வேறொன்று இருக்க வேண்டும் என்பதும் உண்மை. சிங்கப்பூரில் 1987-இல் பெருவிரைவு ரயில் ஓடத் தொடங்கியது. 1990 முதல் கார்களின் எண்ணிக்கைக்கே வரம்பும் உண்டு. நல்ல பேருந்தோ ரயிலோ இல்லாத ஊரில் கட்டணம் மட்டும் வாங்கினால் அது வெறும் தண்டமாகிவிடும்.

2020 ஏப்ரலில், கொரோனா நோயால் மக்கள் வீட்டுக்குள் இருந்தபோது, எல்லா வளைவுகளிலும் கட்டணம் நிறுத்தப்பட்டது. நெரிசல் இல்லாத சாலைக்குக் கட்டணம் எதற்கு? ஜூலை இறுதியில் வண்டிகள் மறுபடி நெருங்கிய சில இடங்களில் மட்டும் வசூல் தொடங்கியது.